மூன்று என்று எழுதிய அளவு

கடிதம் வந்த வெள்ளிக்கிழமை காலையில் நூல்காரி மைக்ராஸ்கோப்பின் முன் குனிந்து, செத்துக்கொண்டிருந்த செல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நூல்காரி என்பது ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பெயர். ஐந்து வருடமாக அவள் செய்துவந்தது நூல் எண்ணும் வேலைதான். அவள் வளர்த்த செல்கள் எப்போதோ ஒரு நரம்புக் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. தட்டில் மீடியம் என்ற சத்துநீரை ஊற்றி, சூடான பெட்டிக்குள் சும்மா வைத்தால் உருண்டை உருண்டையாகப் பெருகும். ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, இறங்க வேண்டிய இடம் தெரியாத பஸ் கூட்டம் மாதிரி இருக்கும். மீடியத்தில் கால்சியத்தைச் சரியான அளவுக்கு உயர்த்திவிட்டால் நிலைமையே வேறு. பெருகுவது நின்றுபோகும். ஒவ்வொரு செல்லும் உடம்பை நீட்டி, இரண்டு பக்கமும் மெல்லிய நூல் விடும். பக்கத்துச் செல்லைத் தேடிப் போய்த் தொடும். நரம்பாக மாறப் பார்க்கும். கால்சியம் குறைந்தால் பழையபடி பெருக்கம்தான். கூடிவிட்டாலோ நூல் முத்து முத்தாக அறுந்து, செல் சுருங்கிச் செத்துவிடும்.

அந்தச் சரியான அளவு மூன்று என்று கண்டுபிடித்தவள் அவள். அலகை ஆய்வகத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மூன்று என்றால் மூன்று. அதைச் சொன்ன கட்டுரை ஆய்வுப் பத்திரிகையில் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பட்டத்துக்கான ஆய்வேடு முக்கால்வாசி எழுதி முடித்தாயிற்று. வேறு ஊரில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலையும் உறுதியாகியிருந்தது.

ஆனால் இப்போது கண்ணுக்குக் கீழே இருந்த தட்டிலும் கால்சியம் மூன்றுதான். நூலைக் காணோம். கறுத்துச் சுருங்கிய உருண்டைகள்தான் மிதந்தன. ஆறு வாரமாக இதே கதை. சூட்டுப்பெட்டியை மாற்றிப் பார்த்தாள். புதிதாகச் செல் எடுத்துப் பார்த்தாள். கிருமி சேர்ந்துவிட்டதோ என்று சோதித்துப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று நாளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

துறைத்தலைவரும் அவளுக்கு வழிகாட்டியுமான பேராசிரியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் போனதும், உட்காரச் சொல்லாமல் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"படி."

வேறொரு ஆய்வகத்துக்காரர்கள் பத்திரிகைக்கு எழுதியிருந்தார்கள். கட்டுரையில் சொன்னபடியே கால்சியத்தை மூன்றுக்கு உயர்த்தினோம். நான்கு முறை செய்தோம். நான்கு முறையும் செல்கள் இறந்தன. கட்டுரையில் உள்ள படங்கள் எந்த நிலையில் எடுக்கப்பட்டவை என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

மரியாதையான வரிகள்தான். அவற்றின் அர்த்தம் ஒன்றே ஒன்று. படம் பொய்யா?

"போன வாரமே பத்திரிகைக்காரங்க பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்காங்க. விசாரணைக் குழு போட்டாச்சு" என்றார் பேராசிரியர். "திங்கட்கிழமை அவங்க அனுப்புற ஆள் முன்னாடி முதல்லேருந்து பண்ணிக் காட்டணும். எடை போடுறதுலேருந்து. வெள்ளிக்கிழமை எண்ணணும். நமக்கு என்ன பயம்? பண்ணிக் காட்டிடலாம். என்ன?"

அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"என்னம்மா?"

"சார், ஆறு வாரமா எனக்கும் வரல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெளியே யாரோ தள்ளுவண்டியில் கண்ணாடிக் குடுவைகளைக் கொண்டுபோகும் சத்தம் கேட்டது. அது தாழ்வாரத்தின் கடைசிவரை போய் ஓய்ந்தது.

"இதை இன்னைக்கு வந்து சொல்றே."

"சரி பண்ணிட்டுச் சொல்லலாம்னு..."

"என்ன மாத்தினே? ஆறு வாரத்துக்கு முன்னாடி என்ன மாறிச்சு, அதைச் சொல்லு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். செல் அதே செல். தட்டு அதே கம்பெனி. தண்ணீர் அதே தண்ணீர். "கால்சியம் உப்பு மட்டும் புது டப்பா, சார். பழசு கல்லு மாதிரி கட்டியாயிடுச்சு. ஸ்பூன் இறங்கல. அதான் புதுசு பிரிச்சேன்."

சொல்லி முடிக்கும்போதே அவள் பின்னறைப் பக்கம் திரும்பிவிட்டாள். பேராசிரியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய டப்பா பின்னறை அலமாரியில், காலி பாட்டில்களுக்கு நடுவே கிடந்தது. மூடி சரியாகத் திருகாமல் சாய்ந்திருந்தது. அந்த உப்பைக் காற்றில் வைக்கக் கூடாது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் குடித்துவிடும். ஈரம் புகாத கண்ணாடி ஜாடிக்குள் வைக்க வேண்டும் என்பது முதல் வருட மாணவர்களுக்கே தெரியும். அந்த ஜாடியின் மூடி இறுகிப்போய், இரண்டு கையாலும் இழுத்தால்தான் திறக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை அதோடு மல்லுக்கட்டச் சலித்து, டப்பாவைத் தராசுக்குப் பக்கத்து அலமாரியிலேயே வைத்துக்கொள்ளத் தொடங்கியவள் அவளேதான். மூன்று வருடத்துக்கு முன்பு.

அவளிடம் ஒரு நல்ல பழக்கமும் இருந்தது. மீடியம் தயாரிக்கும் ஒவ்வொரு முறையும் சிறு குப்பியில் கொஞ்சம் எடுத்து, தேதி எழுதி, உறைபெட்டியில் போட்டுவைப்பாள். கட்டுரைக்கான படங்கள் எடுத்த மாதத்துக் குப்பிகள் அங்கேயே இருந்தன. இரண்டை எடுத்தாள். புது உப்பில் செய்த மீடியத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை நாத்தனார் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குப் போனாள். கணவனின் தங்கை அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். பார்த்ததும், "என்ன டாக்டரம்மா, காலங்காத்தால இந்தப் பக்கம்?" என்றாள். பட்டம் வருவதற்கு முன்பே வீட்டில் ஒட்டிக்கொண்ட கேலி அது. அண்ணியின் முகத்தைச் சரியாகப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"இதுல கால்சியம் எவ்வளவுன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

"இது ரத்தம் இல்லையே அண்ணி."

"உன் மெஷினுக்குத் தெரியவா போகுது?"

"மெஷினுக்குத் தெரியாது, எங்க மேனேஜருக்குத் தெரியும்." நாத்தனார் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "குடுங்க. என் பேரை மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க. நோயாளி இல்லாம ஒரு சாம்பிள் போட்டேன்னு தெரிஞ்சா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாங்க."

இயந்திரம் ஏழெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் அதன் முன்னால் நின்றார்கள். நாத்தனாரின் எண்கள் வேறு அலகில் வருபவை. அவளுடைய மூன்று என்றால் இங்கே பன்னிரண்டு வர வேண்டும்.

புது உப்பு: பன்னிரண்டு.

பழைய குப்பி ஒன்று: எட்டு. பழைய குப்பி இரண்டு: எட்டு.

"இந்தப் பன்னெண்டு மட்டும் ஒரு மனுஷனுக்கு இருந்துதுன்னா, உடனே வார்டுக்குப் போன் போடணும்" என்றாள் நாத்தனார். "உங்க செல்லு எப்படித் தாங்கும், பாவம்?"

"தாங்கல" என்றாள் நூல்காரி.

முதலில் வந்தது நிம்மதிதான். செல்கள் பொய் சொல்லவில்லை. நூல்கள் உண்மையாகவே முளைத்தன. சரியான அளவு என்று ஒன்று உண்மையாகவே இருந்தது. என்ன, அது மூன்று இல்லை. இரண்டு. உப்பு என்று நினைத்து அவள் எடை போட்டதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். படிக்கட்டில் இறங்கும்போதுதான் மீதி உறைத்தது. கட்டுரையில் இருக்கும் ஒவ்வொரு அளவும் தப்பு. ஆய்வேட்டில் இருக்கும் ஒவ்வொரு அட்டவணையும் தப்பு. அவளைத் தவிர வேறு யாரையும் கைகாட்ட வழியில்லை.

அன்று பிற்பகலே பேராசிரியரைப் பார்த்தாள். எங்கே அளந்தாள் என்று அவர் கேட்கவில்லை. எண்களைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தார், வகுத்துப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகம் தெளிந்தது.

"அப்போ பழைய டப்பாவுல பண்ணினா முளைக்கும்."

"முளைக்கணும், சார்."

"திங்கட்கிழமை அதையே எடு."

அவளுக்குப் புரியவில்லை.

"அதே உப்பு, அதே தராசு, அதே கை. கட்டுரையில எழுதினபடி அப்படியே பண்ணிக் காட்டுறோம். மூணு எடை போடுறே, முளைக்குது. இதுல எந்த இடத்துல பொய் இருக்கு?"

"ஆனா மூணு இல்லையே சார் அது."

"அது நமக்குத் தெரியும். சரி பண்ணலாம். யாரு பண்ண வேண்டாம்னா? ஒரு வருஷம் போகட்டும், ஒரு சின்னத் திருத்தம் போட்டுக்கலாம். இப்போ சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அளவு தப்புங்கிறது யார் காதுலயும் விழாது. மாட்டினதும் கதை கட்டுறாங்கன்னுதான் விழும்." அவர் குரல் தாழ்ந்தது. "இந்த ஆய்வகத்துல இன்னும் நாலு பசங்க இருக்காங்க. நீ ரெண்டு மாசத்துல வேலையில சேரணும். நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. எல்லாத்தையும் சொல்லணும்னு அவசியம் இல்லைன்னுதான் சொல்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. அவள் மகள் பிறந்தபோது ஆறு மாதம் அவளுடைய செல்களுக்குத் தன் கையாலேயே மீடியம் மாற்றியவர். அதனால்தான் மறுக்க முடியவில்லை. "சரி சார்" என்று சொன்னாளா, சும்மா தலையாட்டினாளா என்பது பிறகு யோசித்தபோது அவளுக்கே நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாவற்றையும் கணவனிடம் கொட்டினாள். அவன் லிப்ட் மெக்கானிக். துணி மடித்துக்கொண்டே கேட்டான். மகளின் சட்டையைக் கையில் எடுத்தான்.

"அவர் சொல்றது சரிதானே?"

"நீங்களுமா?"

"எனக்கு உங்க செல்லும் தெரியாது, நூலும் தெரியாது. நீ வேணும்னு பண்ணல. அஞ்சு வருஷம் நாயா உழைச்சிருக்கே. பாஸ் பண்ணிட்டு அப்புறம் சரி பண்ணிக்கோயேன். யாரும் சாகப் போறதில்லையே."

"அந்த இன்னொரு ஆய்வகத்துல என்னை மாதிரி ஒருத்தி இருப்பா இல்லையா? நாலு தடவை பண்ணியிருக்கா. நாலு தடவையும் செத்துப்போச்சு. அவளைக் கூப்பிட்டுவெச்சு, உனக்குக் கை சரியில்லைன்னு சொல்லுவாங்க."

"அவளை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவன் சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தான். "உன் இஷ்டம்" என்றான். கோபம் இல்லை, சம்மதமும் இல்லை. அன்று முழுவதும் இரண்டு பேரும் மகளிடம் மட்டுமே பேசினார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் குழு அனுப்பிய அம்மாள் வந்துவிட்டார். பூச்சியியல் துறையைச் சேர்ந்தவர். வாழ்நாள் முழுவதும் வண்டுகளைப் பார்த்தே பழகியவர். செல் வளர்ப்பு தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். "அதனால ஒவ்வொண்ணையும் கேப்பேன். கோவிச்சுக்காதீங்க." தடித்த ஒரு நோட்டும் இரண்டு பேனாக்களும் வைத்திருந்தார். எல்லாவற்றையும் எழுதினார், அறையின் வெப்பநிலை உட்பட.

தராசு அறையில் மேஜைமேல் பழைய டப்பா தயாராக இருந்தது. நூல்காரி அதை எடுத்துவைக்கவில்லை. வாசலில் பேராசிரியர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் மூடியைத் திருகினாள். பூச்சியியல் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏன் இப்படிக் கட்டியா இருக்கு?"

"பழைய டப்பா, மேடம். கட்டுரைக்கு இதைத்தான் பயன்படுத்தினோம்."

பேனா நகர்ந்தது. அவள் சிறு கரண்டியால் கட்டியைக் குத்தி ஒரு துண்டு உடைத்தாள். தராசின் தட்டில் வைத்தாள். கண்ணாடிக் கதவை மூடினாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. நின்றன என்றுதான் அவள் நினைத்தாள். கடைசி எண் மட்டும் ஒன்று ஏறியது. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"எண் ஏறிக்கிட்டே இருக்கே" என்றார் அம்மாள்.

"இந்தத் தராசு அப்படித்தான் மேடம். கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! யோசிக்கவில்லை, தடுமாறவில்லை. குரல்கூட மாறவில்லை. இப்படி ஒன்று தனக்குள் தயாராக உட்கார்ந்திருந்தது அவளுக்கே தெரியாது. அம்மாள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தராசு அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் நிற்கும். தன் பொய் இன்னொருவர் கையெழுத்தில், நீல மையில், வார்த்தை வார்த்தையாக ஏறுவதைப் பார்த்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மேடம், அதை அடிச்சிடுங்க."

"எதை?"

"தராசு சரியாத்தான் இருக்கு. உப்புதான் தண்ணி குடிக்குது. நம்ம கண்ணு முன்னாடியே காத்துலேருந்து ஈரத்தை இழுக்குது. அதான் எடை ஏறுது." அவள் டப்பாவைத் தொட்டுக் காட்டினாள். "மூணு வருஷமாவே இழுத்திருக்கு. நான் டப்பாவைச் சரியா வெக்கல. மூணுன்னு நான் எழுதினதெல்லாம் உண்மையில ரெண்டு. அந்த ஆய்வகத்துல செல் செத்துப்போனது அவங்க தப்பு இல்ல."

"அவ ரொம்பப் பதட்டத்துல இருக்கா" என்றார் பேராசிரியர் வாசலிலிருந்து. "நேத்துலேருந்து தூங்கலை போல. ஒரு அரை மணி நேரம் கழிச்சு..."

"அவங்க சொல்லி முடிக்கட்டும்" என்றார் பூச்சியியல் அம்மாள். முன்னால் எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்தார். பக்கத்தில் நேரத்தைக் குறித்தார். "சொல்லுங்க. மெதுவா. நான் எழுதணும்."

அவள் சொன்னாள். ஜாடியின் மூடி இறுகியது முதல் ஆறு வாரமாக வாயை மூடிக்கொண்டு இருந்தது வரை. உறைபெட்டியில் குப்பிகள் இருப்பதைச் சொன்னாள். அளந்து பார்த்ததைச் சொன்னாள். எங்கே என்று கேட்டபோது, "உதவி பண்ணினவங்க பேரைச் சொல்ல மாட்டேன் மேடம். நீங்களே எடுத்துட்டுப் போய் வேற இடத்துல அளந்துக்குங்க" என்றாள். பேராசிரியர் எப்போது போனார் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது வாசல் காலியாக இருந்தது.

அம்மாள் நோட்டை மூடினார். "நீங்க சொல்றது நிஜமாவும் இருக்கலாம், நல்லா ஜோடிச்ச கதையாவும் இருக்கலாம். எனக்குச் செல் தெரியாது. ஆனா ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியும்."

நான்கு விதமான மீடியம் தயாரிக்கச் சொன்னார். பழைய டப்பாவில் மூன்று. புது டப்பாவில் மூன்று. புது டப்பாவில் இரண்டு. நான்காவதில் கால்சியமே சேர்க்கக் கூடாது. ஊற்றி முடித்ததும் நூல்காரியை வெளியே அனுப்பிவிட்டுத் தட்டுகளை இடம் மாற்றி, அ, ஆ, இ, ஈ என்று எழுதினார். எது எது என்பதை உறையில் போட்டு ஒட்டினார். சூட்டுப்பெட்டிக் கதவில் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். நான்கு மீடியத்திலும் கொஞ்சம், உறைபெட்டியிலிருந்து பழைய குப்பி ஒன்று, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வெளியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் அளக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நான்கு நாள் அவள் எப்படித் தள்ளினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சூட்டுப்பெட்டி இருக்கும் அறைக்குள் போவாள். கதவில் ஒட்டிய காகிதத்தைப் பார்ப்பாள். திரும்பி வருவாள். ஆய்வகத்தில் மற்றவர்கள் அவள் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பேராசிரியர் தாழ்வாரத்தில் எதிரே வந்தால், கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அவளை அரித்தது அதெல்லாம் இல்லை. உண்மையைச் சொல்லியாயிற்று, சரி. அந்த உண்மையைச் செல்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே? இரண்டில் முளைக்காவிட்டால்? அப்போது அவள் கவனக்குறைவானவள் மட்டுமல்ல, மாட்டிக்கொண்டதும் கதை கட்டியவளும் ஆவாள். பேராசிரியர் சொன்னது அப்படியே பலிக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அம்மாள் காகிதத்தைக் கிழித்தார். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு தட்டிலும் நூறு செல் எண்ண வேண்டும். அவற்றில் எத்தனைக்கு நூல் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டும்.

அ தட்டில் உருண்டைகள், நெருக்கியடித்துக்கொண்டு. நூல் நான்கு.

ஆ தட்டை வைத்துக் குவியத்தைத் திருப்பினாள். மங்கல் தெளிந்ததும் அவள் கை நின்றுவிட்டது. நீண்ட நூல்கள், கிளை பிரிந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. ஆறு வாரம் கழித்து முதல் தடவை. எழுபத்திரண்டு.

"இன்னொரு தட்டும் இதே மாதிரி இருக்கணும் மேடம்" என்றாள் அவசரமாக. "பழைய டப்பா மூணும், புது டப்பா ரெண்டும் ஒரே அளவுதான். ரெண்டுலயும் முளைக்கணும்."

இ தட்டு. அவள் எண்ணினாள். திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். பாதிச் செல்கள் உருண்டையாகவே இருந்தன. மீதியில் சில மொட்டு விட்டதோடு நின்றிருந்தன. இருபத்தொன்பது.

ஈ தட்டில் எல்லாம் செத்திருந்தன.

அவள் நிமிர்ந்தாள். கழுத்து வலித்தது. ஈ புது டப்பா மூன்று. அ கால்சியம் இல்லாதது. அதில் சந்தேகமில்லை. மிச்சம் இருப்பவை எழுபத்திரண்டும் இருபத்தொன்பதும். நன்றாக முளைத்தது பழைய டப்பா என்றால், அவள் சொன்ன கணக்கு முழுவதும் சரிந்துவிடும். இரண்டு என்பது கதையாகிவிடும்.

அம்மாள் உறையைக் கிழிக்க எடுத்துக்கொண்ட நேரம் சகிக்கவில்லை. காகிதத்தைப் பிரித்தார். கண்ணாடியைத் தூக்கி நெற்றிமேல் வைத்துக்கொண்டு படித்தார்.

"ஆ, புது டப்பா. ரெண்டு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "அப்போ இ?"

"இ தான் பழைய டப்பா மூணு. நீங்க அதை மட்டும் பண்ணிக் காட்டியிருந்தா நூத்துக்கு இருபத்தொன்பது. கட்டுரையில எழுபதுன்னு போட்டிருக்கீங்க." பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். பரிசோதனை நிலையத்தின் முடிவு. "இதையும் பாருங்க. உறைபெட்டிக் குப்பியில கால்சியம் ரெண்டு. புது டப்பா, ரெண்டுன்னு போட்டது ரெண்டு, மூணுன்னு போட்டது மூணு. பழைய டப்பாவுல இப்போ பண்ணினது, ஒண்ணு புள்ளி மூணு."

ஆறு வாரம் மூடி சாய்ந்து கிடந்ததில் அந்த உப்பு இன்னும் குடித்திருந்தது. பேராசிரியரின் யோசனைப்படி செய்திருந்தால், எல்லாச் சாட்சிகளும் சுற்றி நிற்க, வசமாக மாட்டியிருப்பாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரிக்கப் போய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூச்சியியல் அம்மாள் எதையும் கவனிக்காதவர் மாதிரி மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்தார். "அட, வண்டுக்கு இருக்கிற மீசை மாதிரியே இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை குழு கூடியது. நீள மேஜை, ஐந்து பேர், தண்ணீர் டம்ளர்கள். மோசடி இல்லை, கவனக்குறைவு என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிட்டது பேச்சிலேயே தெரிந்தது. எழுந்துகொள்ளும் நேரத்தில் தலைவர் நோட்டின் ஒரு பக்கத்தில் விரல் வைத்தார்.

"ஒரே ஒரு விஷயம். திங்கட்கிழமை காலையில பழைய டப்பா மேஜைமேல தயாரா இருந்திருக்கு. அதுல பிரச்சனை இருக்குன்னு உங்களுக்குச் சனிக்கிழமையே தெரியும். அப்புறம் ஏன் அதை எடுத்தீங்க? யாராவது சொன்னாங்களா?"

பேராசிரியர் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆமாம் என்றால் அவர் கதை முடிந்தது. இல்லை என்றால் நீல மையில் இன்னொரு வரி. டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். அதே இடத்தில் திரும்ப வைத்தாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

"சார், அது..."

"நான்தான் சொன்னேன்" என்றார் பேராசிரியர்.

ஐந்து பேரும் திரும்பினார்கள். அவர் மேஜையைப் பார்த்தபடியே பேசினார். "டப்பாவை எடுத்துவெச்சதும் நான்தான். அவ வேண்டாம்னா. அவளை இதுல இழுக்காதீங்க."

அவள் வேண்டாம் என்று சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. ஆனாலும் திருத்தவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் அப்படியே விட்டாள். அது அவளைப் பல நாள் உறுத்தியது.

பேராசிரியரிடமிருந்து துறைத்தலைவர் பதவி போனது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எல்லா அளவையும் புதிதாகச் செய்து, மறுபடி எழுதி, அதன் பிறகுதான் ஆய்வேடு என்று உத்தரவு வந்தது. குறைந்தது ஒரு வருடம். மருந்து நிறுவனம் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. கணவன் குறை ஒன்றும் சொல்லவில்லை. காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்ததை வாபஸ் வாங்கப் போய், ஒரு மணி நேரம் கெஞ்சிவிட்டு வந்தான். வந்ததும், "உன் உப்பு எங்க வரைக்கும் தண்ணி குடிக்குது பாரு" என்றான். பல நாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவள் தினமும் ஆய்வகத்துக்குப் போனாள். அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று முதலிலிருந்து தொடங்கினாள். பேராசிரியர் அவளோடு பேசவில்லை. தேவையானதைத் துண்டுச் சீட்டில் எழுதி அவள் மேஜையில் வைப்பார். அவளும் சீட்டிலேயே பதில் எழுதுவாள். ஆறு வாரம் அப்படித்தான் ஓடியது.

சரியான அளவு இரண்டு என்று அவள் எழுதியிருந்ததற்கு, அதற்குப் பிறகுதான் அந்த இன்னொரு ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. இந்தத் தடவை கடிதம் நேராக அவள் பெயருக்கே வந்திருந்தது. சுருக்கமான கடிதம். இரண்டில் வைத்துப் பார்த்தோம். மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் வந்தது. கீழே ஒரு படம். அவள் பார்த்தேயிராத ஒரு அறையில், பார்த்தேயிராத ஒரு கை ஊற்றிய மீடியத்தில், செல்கள் நூல் விட்டிருந்தன.

அவள் அதை அச்செடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே போய் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். அவர் படித்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார்.

"இந்தப் படத்தை நம்ம கட்டுரையில போட அனுமதி கேக்கணும்" என்றார். "அவங்க பேரையும் சேர்க்கணும்."

"சரி சார்."

அவர் எதிரில் இருந்த நாற்காலியின் மேல் குவிந்திருந்த கோப்புகளை எடுத்துத் தரையில் வைத்தார்.

"உக்காரு. என்ன எழுதலாம், சொல்லு."